உமிழ்நீர்ச் சோதனையும் மருந்துண்ணும் ஒழுங்கும்

புகைப்பழக்கத்தை விடுவிக்கும் மருந்தொன்றை ஆராயும்போது முதலில் எழுவது, அது பயன் தருகிறதா என்னும் கேள்வியன்று. கொடுத்த மாத்திரை உண்ணப்பட்டதா என்பதே. மருந்து பெற்றவர்களிற் பாதிப்பேர் அதனை உண்ணாது விட்டனர் என்று கொள்வோம். நல்ல மருந்தும் அவ்வாராய்ச்சியிற் பயனற்றதாகவே தோன்றும். பின்வருவோர் அதனை இழப்பர்.

இக்கேள்வி புதிதன்று. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம், வீட்டிலிருந்தே பெறும் சிகிச்சை சானடோரியச் சிகிச்சைக்கு ஈடாகுமா என்று ஆராய்ந்தது. நிலையத்தார் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர். சிறுநீரையும் பெற்றுச் சோதித்தனர். ‘பாஸ்’ என்னும் மருந்து கலந்த சிறுநீரில் பெர்ரிக் குளோரைடைச் சேர்த்தால் செவ்வூதா நிறம் தோன்றும். 1959-இல் வெளியான முடிவுகள் வீட்டுச் சிகிச்சைக்குப் பெரிதும் துணைநின்றன. மாத்திரைகளை எண்ணுவதனால் மட்டும் உண்மை புலப்படாது. உண்ணாத மாத்திரையைச் சாக்கடையில் எறிவது எளிது.

புகை விடுவோரிடம் அப்பணியை இன்று உமிழ்நீர் செய்கிறது. ஊசி வேண்டா, மறைவிடமும் வேண்டா. வரெனிக்லின் என்னும் மாத்திரை வழக்கமாகப் பன்னிரண்டு வாரம் உண்ணப்படுவது. உடலில் அதன் அளவு ஏறத்தாழ 24 மணி நேரத்திற் பாதியாகும். உமிழ்நீரில் காணும் அளவு இரத்தத்தில் உள்ள அளவோடு சேர்ந்தே ஏறி இறங்கும். நான்கு நாள் உண்ணாதிருந்தவரிடம் பதினாறில் ஒரு பங்கே மிஞ்சும். ஆயினும், முந்திய நாள் மட்டும் மாத்திரை உண்டு வருபவரை இச்சோதனை எளிதில் பிரித்தறியாது. நாள் குறிப்பிடாமற் சென்ற சென்னை முறை இங்கும் வேண்டப்படுவது இதனாலேயே.

நிக்கோட்டின் கோந்து மெல்லுவோரிடம் சிக்கல் மிகுதி. கோந்தின் நிக்கோட்டின் வாயிலேயே கலந்துவிடுவதால் உமிழ்நீரில் அதனை அளப்பது வீண். நிக்கோட்டினிலிருந்து உடலில் உண்டாகும் கோட்டினினை அளக்கலாம். ஆனால் அது கோந்திலிருந்தும் வரும், பீடியிலிருந்தும் வரும். புகையிலையில் உள்ளதும் கோந்தில் இல்லாததுமாகிய அனபாசின் என்னும் பொருளே அவ்விரண்டையும் பிரித்துக் காட்டும். மூச்சிலுள்ள கார்பன் மோனாக்சைடு புகைத்தவரைக் காட்டுமேயன்றி, வெற்றிலையோடு புகையிலை மெல்லுபவரைக் காட்டாது.

கோட்டினின் சுமார் 16 மணி நேரத்திற் பாதியாகும். வகுப்பில் இதனை ஒரு கணக்காகச் செய்து காட்டலாம். சித்தூரிலிருந்து திருப்பதி வழியாகத் திருமலைக்குச் செல்லும் ஒருவர், புகையிலை தடைசெய்யப்பட்ட அம்மலைமீது இரண்டு நாள் தங்குகிறார். அவர் கோந்து மெல்லுவதில்லை. புறப்படுகையில் மில்லிலிட்டருக்கு 200 நானோகிராம் இருந்தால், 48 மணி நேரத்திற்குப்பின் 25 இருக்கும். எல்லை 10 என வைத்துக்கொண்டால் அவர் இன்னும் புகைப்பவராகவே காணப்படுவார். 80 மணி நேரத்திற்குப்பின் 6.25 ஆகிவிடும். ஆகவே ஒரு வாரத்திற்கு முன் புகைத்ததை இச்சோதனை சொல்லாது.

மாதிரி எடுக்குமுன் வெற்றிலைச் சாறு நீங்க வாயைக் கொப்பளிக்கச் செய்து, சிறிது நேரம் காத்திருக்கவேண்டும். பின்னர்ப் பஞ்சுருளையைக் கன்னத்தினுள் வைத்து ஊறவிட்டுக் குப்பியிலிட்டு மூடுக. மாதிரி எடுத்த மணி, கடைசி மாத்திரை உண்டதாகச் சொன்ன மணி, கோந்து மென்றாரா என்பது ஆகிய மூன்றையும் அவ்விடத்திலேயே எழுதுக. ஆராய்ச்சி நிலையத்திற்குத் திரும்பியபின் நினைவைக்கொண்டு எழுதிய மணியால் மேற்கண்ட கணக்கைச் செய்ய இயலாது.