கான்கிரீட்டுத் தளங்களும் காப்புப் பூச்சுகளும்

கான்கிரீட்டுத் தளம் பார்வைக்குக் கல்லைப் போல் திண்ணென்று இருப்பினும், அதனுள் எண்ணிறந்த நுண்துளைகள் உள்ளன. சிமெண்டு இறுகுவதற்கு வேண்டிய அளவைக் காட்டிலும் கூடுதலாகச் சேர்க்கப்படும் நீர், பின்னர் ஆவியாகி வெளியேறும்போது விட்டுச் செல்லும் வழிகளே இவை. இவ்வழிகளில் எண்ணெயும், உப்பு நீரும், அமிலமும் தளத்தினுள் புகுகின்றன. அடிமண்ணின் ஈரம் மேலேறுகின்றது. நடமாட்டம் மிகுந்த இடங்களில் மேற்பரப்பு தேய்ந்து தூசு கிளம்புகின்றது. இக்கேடுகளைத் தடுப்பதற்காகவே கிடங்குகள், பட்டறைகள், மருத்துவ நிலையங்கள், பள்ளிகள், வீடுகள் ஆகியவற்றின் தளங்களுக்குக் காப்புப் பூச்சு இடப்படுகின்றது.

விலையுயர்ந்த பூச்சும் முதல் மழைக்காலத்திலேயே கொப்புளித்து உரிந்துவிடுவது உண்டு. அப்போது பழி பூச்சின் மீதே சுமத்தப்படும். ஆயினும் ஆராய்ந்து நோக்கின், அதற்கு முதற்காரணம் பெரும்பாலும் பூச்சுக்குக் கீழேயுள்ள தளத்திலேயே இருப்பது புலனாகும். எனவே, பூச்சைத் தேர்ந்தெடுக்கும் முன் தளத்தைச் சோதித்தறிதல் இன்றியமையாதது.

பூச்சுகளின் வகைகள்

முதல் வகை, தளத்தினுள் ஊடுருவுவது. சோடியம் சிலிகேட்டு, லித்தியம் சிலிகேட்டு ஆகியவற்றின் கரைசல்கள் இவ்வகையின. இவை கான்கிரீட்டிலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடுடன் வினைபுரிந்து, துளைகளை அடைக்கும் கடினமான பொருளை உண்டாக்குகின்றன. இதனால் தூசு குறைகின்றது. மேலே ஏடு படியாமையால் உரிவதற்கும் இடமில்லை. ஆயினும் அமிலத்தைத் தாங்கும் ஆற்றல் இவற்றுக்கு இல்லை.

இரண்டாம் வகை எபாக்சிப் பூச்சு. பிசின் ஒன்றும் கடினமாக்கி ஒன்றுமாக இது இரு கலங்களில் வரும். இரண்டும் கலந்தவுடன் இரசாயன வினை தொடங்கி, எண்ணெயையும் பல இரசாயனப் பொருள்களையும் தாங்கும் உறுதியான படலம் உண்டாகின்றது. வெயில் படும் இடத்தில் இது மஞ்சளித்து மாவாக உதிரும். ஆதலின் கூரையின் கீழுள்ள தளங்களுக்கே ஏற்றது. இதனை இடும் முறையை ஐ.எஸ். 4631 என்னும் இந்தியத் தர விதி விவரிக்கின்றது.

மூன்றாம் வகை பாலியூரித்தேன் பூச்சு. இதில் ஒரு பிரிவு வெயிலையும் உராய்வையும் நன்கு தாங்குமாதலால், எபாக்சியின் மேல் இறுதிப் பூச்சாக இடப்படுவதுண்டு. பாலியூரித்தேனைச் சிமெண்டுடன் கலந்து தடிப்பாக இடும் தளங்கள், கொதிநீர் கொட்டும் உணவுத் தொழிற்சாலைகளுக்குப் பொருந்தும்.

ஈரச் சோதனை

புதிய கான்கிரீட்டை நன்கு நனைத்துப் பதப்படுத்த வேண்டும். சாதாரணச் சிமெண்டாயின் குறைந்தது 7 நாட்களும், வெப்பமும் வறட்சியும் மிக்க இடங்களில் குறைந்தது 10 நாட்களும் இதற்கு வேண்டும் என ஐ.எஸ். 456 விதியின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு வகுத்தது. பூச்சு இடுவதற்கு 28 நாட்களேனும் பொறுத்தல் பொது வழக்கு. எனினும் நாட்கணக்கு மட்டும் போதாது. கீழே ஈரத்தடுப்பு இல்லாத தரைத்தளம் பல்லாண்டுகள் கழிந்தும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கலாம்.

இதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொரு பக்கமும் 45 சென்டிமீட்டர் உள்ள தெளிவான பாலிதீன் தாளைத் தளத்தின்மீது விரித்து, நான்கு விளிம்புகளையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். பிறகு தாளின் அடிப்பக்கத்தில் நீர்த்துளிகள் காணப்பட்டாலோ, தளம் கறுத்திருந்தாலோ ஈரம் உண்டென்று கொள்ளலாம். இத்தகைய தளத்தைப் படலத்தால் மூடினால், மேலேறும் ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சைத் தள்ளிக் கொப்புளமாக்கும். கோடையில் உலர்ந்து தோன்றும் தளம் மழைக்காலத்தில் ஈரம் காட்டக்கூடுமாதலால், சோதனையை மழைக்காலத்திலும் செய்தல் நலம். ஈரம் நீங்காத தளத்துக்குச் சிலிகேட்டுக் கரைசலே தக்கது.

மேற்பரப்பைத் தயார் செய்தல்

தளத்தின் மீது சில துளி நீரைத் தெளித்துப் பார்க்க வேண்டும். நீர் உள்ளே இறங்கினால் நன்று. முத்துப் போல் திரண்டு நின்றால், எண்ணெயோ மெழுகோ படிந்திருப்பதாகக் கருதலாம். மெழுகிட்டு மெருகேற்றிய பழைய சிவப்புச் சிமெண்டுத் தரைகளில் இது பெரிதும் காணப்படும். மெழுகை முற்றும் அகற்றாமல் இடும் பூச்சு ஒட்டாது.

கரணையால் தேய்க்கும்போது மேலே வந்த சிமெண்டுப் பால் உலர்ந்து, வலுவற்ற மெல்லிய ஏடாகத் தளத்தின்மீது நிற்கும். பூச்சு இவ்வேட்டைப் பற்றினால், ஏட்டோடு சேர்ந்தே பெயர்ந்துவிடும். ஆதலின் தேய்ப்பு இயந்திரத்தால் இதனை நீக்கி, உப்புத்தாள் போன்ற சொரசொரப்பை உண்டாக்க வேண்டும். தேய்க்கையில் எழும் சிலிகாத் தூசு சிலிகோசிஸ் என்னும் தீராத நுரையீரல் நோயை விளைவிக்கும். தூசு உறிஞ்சும் கருவியோ, நீர் தெளித்தலோ, தக்க முகக்காப்போ இன்றி எவரையும் இவ்வேலையில் ஈடுபடுத்தலாகாது.

பூச்சின் அளவைக் கணக்கிடுதல்

1 லிட்டர் பூச்சை 10 சதுர மீட்டரில் பரப்பினால் ஈரப் படலத்தின் தடிப்பு 0.1 மில்லிமீட்டர் ஆகும். கரைப்பான் ஆவியானபின் எஞ்சும் திடப்பகுதியே தளத்தில் நிலைக்கும். எடுத்துக்காட்டாக, 10 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள அறையின் பரப்பு 60 சதுர மீட்டர். உலர்ந்தபின் 0.2 மில்லிமீட்டர் தடிப்பு வேண்டுமெனில், 12 லிட்டர் திடப்பகுதி தேவை. பூச்சின் கன அளவில் 60 விழுக்காடு திடப்பகுதியாயின், வாங்க வேண்டிய பூச்சு 20 லிட்டர். வேலைத்தலத்துக்கு 10 லிட்டரே வந்திருந்தால், படலம் பாதித் தடிப்பே பெறும் என்பதை மேற்பார்வையாளர் வேலை தொடங்கும் முன்பே அறியலாம். பொதுப் பணத்தைக் காக்க இச்சிறு கணக்கு பெரிதும் உதவும்.

கலத்தலும் பாதுகாப்பும்

பிசினையும் கடினமாக்கியையும் உற்பத்தியாளர் குறித்த விகிதத்திலேயே கலக்க வேண்டும். விரைவில் உலரட்டும் என்று கடினமாக்கியைக் கூட்டுவது தவறு. மிகுந்த பகுதி வினைபுரியாது நின்று படலத்தை வலுவிழக்கச் செய்யும். கலவையை வாளியில் தேக்கி வைத்தால் வினையின் வெப்பம் உள்ளேயே தங்கி அது விரைவில் கெட்டியாகும். ஆதலின் சிறிது சிறிதாகக் கலந்து உடனுக்குடன் பரப்புதல் வேண்டும். தளத்தின் உஷ்ணநிலை, காற்றிலுள்ள நீராவி பனியாகும் நிலையைவிட 3 பாகை செல்சியசேனும் மிகுந்திருத்தல் வேண்டும். இன்றேல் கண்ணுக்குப் புலப்படாத ஈரம் பூச்சின் கீழ் படியும்.

கடினமாக்கி தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம், கையுறை கட்டாயம். கரைப்பானின் ஆவி தீப்பற்றக்கூடியது. சாளரங்களைத் திறந்து வைத்து, நெருப்பை விலக்க வேண்டும். வழவழப்பான படலம் நீர் பட்டால் வழுக்கும். குளியலறை, சமையலறை, மருத்துவ நிலையத்தின் நடைவழி ஆகியவற்றில் இறுதிப் பூச்சின்மீது நுண்மணலைத் தூவிச் சொரசொரப்பாக்குதல் முதியோரையும் நோயாளிகளையும் விழாமற் காக்கும்.

பயிற்சி

1. பள்ளித் தரைத்தளத்தின் மூன்று இடங்களில் பாலிதீன் தாள் சோதனையைச் செய்து, முடிவுகளை ஒப்பிடுக.

2. 8 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள கிடங்கில் உலர்ந்த தடிப்பு 0.3 மில்லிமீட்டர் வேண்டும். திடப்பகுதி 50 விழுக்காடாயின், எத்தனை லிட்டர் பூச்சு தேவை? (விடை: 24 லிட்டர்)

3. மெழுகிட்ட தரையில் எபாக்சி ஒட்டாமைக்குரிய காரணத்தை விளக்குக.