துணி விமானமும் ஏழு செ.மீ. கம்பியும்

ஒரு சிறு சோதனையோடு தொடங்குவோம். மத்திய அலையில் பாடிக்கொண்டிருக்கும் டிரான்சிஸ்டர் வானொலி ஒன்றை வேட்டியில் சுற்றுங்கள். பாட்டு தொடர்ந்து கேட்கும். அதையே ஓர் அலுமினியக் குண்டானில் வைத்து, நன்றாகப் பொருந்தும் அலுமினியத் தட்டால் மூடுங்கள். பாட்டு மறைந்து, வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். மூடி ஒலியைத் தடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! வானொலியை ஒரு மண்பானைக்குள் வைத்து, மண்மூடியால் மூடிப் பாருங்கள். ஒலி சற்றுக் குறையுமே தவிர, பாட்டு நிற்காது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? துணியும் மண்ணும் ரேடியோ அலைகளுக்கு வழிவிடுகின்றன. உலோகம் வழி மறிக்கிறது. இந்த எளிய உண்மை, தம் கையாலேயே விமானம் கட்டுபவர்களுக்கு ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. அந்தச் சிக்கல் என்ன, அதை எப்படித் தீர்க்கிறார்கள் என்று பார்ப்போம்.

கொட்டகையில் பிறக்கும் விமானம்

சொந்த விமானத்தைத் தாமே கட்டிப் பறப்பவர்கள் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் உள்ளனர். மின்னசோட்டா மாநிலத்தின் செர்ரி குரோவ் என்னும் சிற்றூரில் பெர்னார்ட் பீட்டன்போல் என்பவர் 1920-களின் இறுதியில் 'ஏர் கேம்ப்பர்' என்ற இரண்டு இருக்கை விமானத்தை அமைத்தார். மரச்சட்டம், அதன்மேல் துணி, ஃபோர்டு மோட்டார் காரின் எஞ்சின் - இவ்வளவுதான். அவருடைய வரைபடங்களை வைத்து இன்றும் பலர் விமானம் கட்டுகிறார்கள். பிற்காலத்து விமானங்கள் பலவற்றில் மரத்துக்குப் பதிலாகப் பற்றவைத்த எஃகுக் குழாய்கள் சட்டமாகின்றன. பருத்தித் துணிக்குப் பதில் பாலியெஸ்டர் துணி வந்துவிட்டது. துணியைச் சட்டத்தின்மேல் ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றினால் அது சுருங்கி, மத்தளத் தோல் போல விறைத்து நிற்கும்.

துணி விமானம் எடை குறைந்தது, செலவும் குறைவு. ஆனால் ராடாரின் கண்ணுக்கு அது எளிதில் அகப்படுவதில்லை.

கேள்வியும் பதிலும்

சாதாரண ராடார் எப்படி வேலை செய்கிறது? அது அனுப்பும் அலை விமானத்தின் உலோக உடலில் பட்டுத் திரும்புகிறது. அந்த எதிரொலியைக் கொண்டு விமானம் இருக்கும் இடத்தை அறிகிறார்கள். துணியோ அலையைத் தன்னூடே போகவிடுகிறது. எஞ்சினும் குழாய்களும் மட்டுமே கொஞ்சம் எதிரொலிக்கும். மேலும், விமான நிலையத்தின் சாதாரண ராடார் எதிரொலியிலிருந்து அது எந்த விமானம், எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்பவை தெரிவதில்லை.

இதற்காகத்தான் விமானத்தில் டிரான்ஸ்பாண்டர் என்னும் கருவியை வைக்கிறார்கள். 'பதில் சொல்லும் கருவி' என்று இதைக் கூறலாம். இரண்டாம் உலகப் போரில், வருவது நம் விமானமா, பகைவனுடையதா என்று கண்டறிய அமைத்த கருவிகளிலிருந்து வளர்ந்தது இது. தரை நிலையம் 1030 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் கேள்வி கேட்கும். டிரான்ஸ்பாண்டர் உடனே 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்லும். ஒரு வகைப் பதிலில் நான்கு இலக்க அடையாள எண் இருக்கும். ஒவ்வோர் இலக்கமும் 0 முதல் 7 வரை அமையலாம். ஆகவே மொத்தம் 8 × 8 × 8 × 8 = 4096 எண்கள். மற்றொரு வகைப் பதில், காற்றழுத்தத்தைக் கொண்டு அளந்த உயரத்தை 100 அடிக் கணக்கில் தெரிவிக்கும்.

பதிலின் ஒவ்வொரு துடிப்பும் 0.45 மைக்ரோ நொடியே நீடிக்கும். அந்த நேரத்தில் வெளிப்படும் திறன் 200 வாட் என்று கொள்வோம். ஒரு பதிலுக்கு 10 துடிப்புகள், நொடிக்கு 500 பதில்கள் என்றாலும் சராசரித் திறன் அரை வாட்டுக்குக் குறைவுதான். கணக்கிட்டுப் பாருங்கள்!

உயரம் தெரியாமல் போனால்

1986-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் நாள், கலிபோர்னியாவில் செரிட்டோஸ் என்ற ஊருக்கு மேலே ஏறத்தாழ 6,500 அடி உயரத்தில் ஏரோமெக்சிகோ நிறுவனத்தின் டி.சி.-9 பயணி விமானமும் பைப்பர் என்ற சிறு விமானமும் மோதின. இரண்டு விமானங்களிலும் இருந்த 67 பேரும், தரையில் இருந்த 15 பேரும் மாண்டனர். சிறு விமானம், அனுமதி பெற்றே நுழைய வேண்டிய வான்பகுதிக்குள் அனுமதியின்றி நுழைந்திருந்தது. அதில் டிரான்ஸ்பாண்டர் இருந்தது. ஆனால் உயரத்தைச் சொல்லும் வசதி அதில் இல்லை.

இதற்குப் பின் அமெரிக்காவில் விதிகள் கடுமையாயின. பெரிய பயணி விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவிகளும் வந்தன. இக்கருவி அருகிலுள்ள விமானங்களைத் தானே கேள்வி கேட்டு, அவை சொல்லும் பதிலைக் கொண்டு விமானிக்கு எச்சரிக்கை தருகிறது. பதில் சொல்லாத விமானம் அதன் பார்வையில் இல்லாத விமானமே. ஆகவே துணி விமானத்தின் வயிற்றில் பொருத்தும் ஆன்டெனா சரியாக வேலை செய்வது, அதில் பறப்பவரின் உயிருக்கு மட்டுமன்றி மற்றவர் உயிருக்கும் காவலாகும்.

கம்பியின் மறுபாதி

அந்த ஆன்டெனா எவ்வளவு பெரியது? அலைநீளம் = ஒளியின் வேகம் ÷ அதிர்வெண். 1030, 1090 ஆகிய இரண்டுக்கும் நடுவே 1060 மெகாஹெர்ட்ஸை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 30,000 கோடி மில்லிமீட்டரை 106 கோடியால் வகுத்தால் ஏறத்தாழ 283 மி.மீ., அதாவது 28.3 செ.மீ. கிடைக்கிறது. இதில் கால் பங்கு ஏறத்தாழ 7.1 செ.மீ. உங்கள் நடுவிரல் நீளமுள்ள ஒரு கம்பி!

ஆனால் இந்தக் கம்பி தனியாக நின்றால் பயனில்லை. ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் கிடத்தி, அதன்மேல் சிறு பென்சில் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்துங்கள். கண்ணாடிக்குள் அதே நீளத்தில் இன்னொரு பென்சில் கீழ்நோக்கித் தெரியும். இரண்டும் சேர்ந்து ஒரே நீண்ட பென்சிலாகத் தோன்றும். உலோகத் தகடு ரேடியோ அலைகளுக்கு இப்படிப்பட்ட கண்ணாடியாகும். கம்பியில் மின்னோட்டம் ஏறி இறங்கும்போது, அதற்கு ஈடாகத் தகட்டில் எலெக்ட்ரான்கள் அங்குமிங்கும் ஓடுகின்றன. அதன் விளைவு, தகட்டுக்கு அப்பால் இன்னொரு கம்பி இருப்பது போன்றதே. 7 செ.மீ. கம்பி இவ்வாறு 14 செ.மீ. நீளமுள்ள அரை அலைநீள ஆன்டெனாவாக வேலை செய்கிறது.

அலுமினிய விமானத்தில் இந்தத் தகடு இனாமாகக் கிடைக்கிறது. விமானத்தின் தோலே தகடு. துணி விமானத்தில் அது இல்லை. எஃகுக் குழாய்ச் சட்டம் போதாதா? போதாது. ஒரு காலத்தில் மொட்டை மாடிகளில் நின்ற பெரிய கிண்ண ஆன்டெனாக்களைக் கம்பிவலையால் செய்தார்கள். வலையின் கண்கள் அலைநீளத்தைவிட மிகச் சிறியவையாதலால் அலை அதைத் தகடாகவே கொண்டது. விமானக் குழாய்களுக்கு இடையிலுள்ள வெளியோ 28 செ.மீ. அலைக்குத் திறந்த வாசல் போன்றது. வெயிலிலிருந்து துணியைக் காக்க அலுமினியத் தூள் கலந்த வெள்ளிநிறப் பூச்சு பூசுவதுண்டு. தூள்கள் பசையில் தனித்தனியே பதிந்திருப்பதால் அதையும் தகடாக நம்ப முடியாது.

தகடே இல்லாமல் கம்பியைப் பொருத்தினால் என்ன ஆகும்? அதனோடு இணையும் கம்பிவடத்தின் வெளியுறை தகட்டின் வேலையைத் தாறுமாறாகச் செய்யத் தொடங்கும். அலை வேண்டாத திசைகளில் போகும். பேச்சு வானொலியில் இரைச்சலும் புகலாம்.

பொருத்தும் முறை

ஆகவே கட்டுபவர் மறுபாதியைத் தாமே செய்துவிடுகிறார். துணிக்கு உட்புறம், விமானத்தின் வயிற்றுப் பகுதியில், துணியை ஒட்டினாற்போல் ஓர் அலுமினியத் தகடு. அதன் ஆரம் குறைந்தது கால் அலைநீளம் இருக்க வேண்டும். இடமிருந்தால் இரு மடங்காக்குவது நல்லது. 15 செ.மீ. ஆரமும் 0.8 மி.மீ. கனமும் உள்ள வட்டத் தகட்டின் எடை ஏறத்தாழ 150 கிராம்தான். எடைக்கு அஞ்சும் விமானத்துக்கும் இது பாரமன்று. தகட்டைத் துணி தாங்காது. குழாய்களில் பட்டை போட்டு இறுக்கியோ, மரச்சட்டத்தில் திருகியோ அதிராமல் நிறுத்த வேண்டும்.

துணியில் துளையிடும் முன் அந்த இடத்தில் ஒரு வலுவளையத்தை ஒட்டிவிட வேண்டும். இல்லையேல் துளை கிழிசலாகும். ஆன்டெனாவின் அடிப்பகுதி தகட்டில் நன்றாகத் தொட வேண்டும். அங்கே வண்ணப்பூச்சோ துருவோ இருந்தால் சுரண்டி எடுக்க வேண்டும். மின்தொடர்பு அறுந்தால் கண்ணாடி உடைந்தது போலத்தான்.

இடம் தேர்வதும் முக்கியம். கேள்வி பெரும்பாலும் தரையிலிருந்து வருவதால் கம்பி வயிற்றின் கீழ் இருக்க வேண்டும். தரை நிலையத்தின் அலையில் மின்புலம் செங்குத்தாக இருப்பதால் கம்பியும் செங்குத்தாக நிற்க வேண்டும். சக்கரங்களைத் தாங்கும் உலோகக் கால்கள் அலைக்கு நிழல் வீழ்த்தும். அவற்றிலிருந்து விலகி இருப்பது நல்லது. விமானியின் இருக்கைக்கு நேர் கீழே வைக்காமல் சற்றுத் தள்ளி வைப்பதும் முறை.

வழியில் தொலையும் திறன்

டிரான்ஸ்பாண்டரிலிருந்து ஆன்டெனாவுக்குச் செல்வது, தொலைக்காட்சிக்கு வருவது போன்ற கோ-ஆக்சியல் கம்பிவடம். இதில் அலை போகப்போகத் தேய்கிறது. ஆர்.ஜி.-58 என்ற மெல்லிய வடம் ஐந்து மீட்டர் நீளமிருந்தால், இந்த அதிர்வெண்ணில் ஏறத்தாழ பாதித் திறன் வெப்பமாகிவிடும். திறன் பாதியானால் பதில் எட்டும் தூரம் பாதியாகுமா? இல்லை. திறன் தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால் தூரம் √2-ஆல் வகுபடும். 100 கி.மீ. எட்டிய பதில் 71 கி.மீ. மட்டுமே எட்டும். வரும் கேள்வியும் இதே வடத்தில் நலிந்துதான் கருவியை அடைகிறது. ஆகவே இழப்புக் குறைந்த வடத்தைக் கூடியவரை குட்டையாகப் போடுவதே அறிவு.

வேலை முடிந்ததும், உரிமம் பெற்ற நிலையத்தார் ஒரு சோதனைக் கருவியால் கேள்வி கேட்டு, பதிலின் அதிர்வெண்ணையும் திறனையும் அளப்பார்கள். அமெரிக்க விதிப்படி 24 மாதங்களுக்கு ஒருமுறை இச்சோதனை நடந்திருக்க வேண்டும். இடையில் கட்டியவருக்கும் ஒரு வேலை உண்டு: எஞ்சினிலிருந்து வழிந்து கம்பியின் அடியில் படியும் எண்ணெய் அழுக்கைத் துடைப்பது!

கண்ணுக்குத் தெரிவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி. அதை ஆன்டெனாவாக்குவது துணிக்குள் மறைந்திருக்கும் தகடு.

உங்களுக்கு ஒரு கணக்கு: மோட்டார் காரின் கூரையில் செங்குத்தாக நிற்கும் ஏரியல், 100 மெகாஹெர்ட்ஸ் பண்பலை வானொலிக்கு ஏற்ற கால் அலைநீளக் கம்பியானால் அதன் நீளம் என்ன? அதன் மறுபாதி எங்கே இருக்கிறது? அடுத்த முறை ஒரு காரைப் பார்க்கும்போது யோசித்துச் சொல்லுங்கள்.