உப்புக் காற்றில் ஆட்டோமேட்டிக் கார்: கியர் ஆயிலுக்கு எந்தக் கூலர்?

மரக்காணம் உப்பளங்களை ஒட்டி ஈ.சி.ஆரில் வந்து ஆரோவிலுக்குத் திரும்பும் கார்களுக்குக் கடல் பக்கம் உப்புக் காற்று, மேட்டுப் பக்கம் செம்மண் புழுதி. கூலர் வாங்குமுன் இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

1. உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் பாருங்கள். 2014இல் செலேரியோவில் வந்த ஏ.எம்.டி. போன்றவற்றுக்குள் இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். அதற்குக் கூலர் செலவே வேண்டாம். டார்க் கன்வர்ட்டர், சி.வி.டி. வண்டிக்காரர்கள் மேலே படியுங்கள்.

2. டார்க் கன்வர்ட்டரில் ஆயில்தான் விசையைக் கடத்துகிறது. ஊர்ந்து போகும்போது அது நழுவும். அந்த நழுவல்தான் ஆயிலைச் சூடாக்குகிறது. ஆயில் 80, 90 டிகிரியில் இருந்தால் நல்லது. 120ஐத் தாண்டினால் சீக்கிரம் கெடும். கோட்டக்குப்பம் நெரிசலில் நெடுநேரம் நின்றால் நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள்.

3. ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே இருக்கும் கூலரில் உப்புக் காற்று படாது. வண்டி இழுக்காத, அடிக்கடி மலை ஏறாத குடும்பத்துக்கு இதுவே போதும் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் உள்ளே அரித்து ஓட்டை விழுந்தால் கூலண்ட்டும் ஆயிலும் கலந்துவிடும். எஞ்சின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். ரோஸ்மில்க் மாதிரிக் குழம்பாக இருந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஏனென்றால் கியர்பாக்ஸின் கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பூச்சு தண்ணீர் பட்டால் ஊறி உரிந்துவிடும்.

4. உள்ளே அரிக்காமல் இருக்க, ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். கடலோரத்தில் அது பெரும்பாலும் உப்பு. கலந்தே வரும் கூலண்ட்டை வாங்குங்கள்.

5. முன்பக்கம் மாட்டும் காற்றுக் கூலர், ஏற்காடு, கொடைக்கானல் என்று அடிக்கடி ஏறுபவர்களுக்கு. உப்பளத்தைப் பார்த்தபடி பல மாதம் நிறுத்தியிருந்த எங்கள் பழைய காரில், ஏ.சி. கண்டென்சரின் அலுமினியத் தகடுகள் விரல் பட்டதும் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தன. கூலரும் அதே இடத்தில்தான் உட்காரும். நெருக்கமான தகடுள்ளது நன்றாகக் குளிர்விக்கும், ஆனால் செம்மண் அடைத்துக்கொள்ளும். இந்தப் பக்கத்துக்கு இடைவெளி விட்ட தகடும் கறுப்புப் பூச்சும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

6. ஆயில் முதலில் ரேடியேட்டர் கூலர், பிறகு காற்றுக் கூலர் என்ற வரிசையில் போகட்டும். ஹோஸ் கியர் ஆயிலுக்கென்றே உள்ளதாக இருக்க வேண்டும். பெட்ரோல் ஹோஸ் வேண்டாம். வாரண்டி இருந்தால் குழாயை வெட்டுமுன் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

7. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில், எஞ்சின் ஆறியபின், தோட்டத்து ஹோஸால் மெதுவாகக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் தகட்டை மடக்கிவிடும்.

8. டிப்ஸ்டிக் உள்ள வண்டியானால் ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் வையுங்கள். பல வண்டிகளில் நல்ல ஆயில் சிவப்பாகத் தெளிந்து பரவும். கரும்பழுப்பாகித் தீய்ந்த வாடை வந்தால், கூலர் வாங்குமுன் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.