வெள்ளி இரவே மாவைப் பிசைந்து வை

கண்ணு, வீட்டுக்குப் புது ஓவன் வந்திருக்கிறதென்று உன் அம்மா சொன்னாள். பீட்சா சுட ஆசைப்படுகிறாயாம். நானும் பல வருஷமாகச் சுடுகிறேன். கருக்கியதும் உண்டு, பச்சையாக எடுத்து வைத்ததும் உண்டு. அந்தத் தப்புகளை நீயும் ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் உன் அடுப்பைத் தெரிந்துகொள். நேப்பிள்ஸ் நகரத்து விறகடுப்பில் சூடு 430 டிகிரிக்கு மேல் போகும். 60 முதல் 90 விநாடிக்குள் பீட்சா வெந்துவிடும். உன் ஓவன் 250 டிகிரியைத் தாண்டாது. எட்டு, பத்து நிமிஷம் உள்ளே இருக்கும் மாவு காய்ந்துதான் போகும். அவர்கள் மாவில் மைதா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் நான்கும்தான். அதை அப்படியே செய்து, வெளுத்தும் விறைத்தும் வருகிறதே என்று வெகுநாள் மனம் நொந்திருக்கிறேன். நம் ஓவனுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் சேர்க்க வேண்டும். எண்ணெய் மாவை மெத்தென்று வைக்கும், சர்க்கரை சிவக்க வைக்கும். ஊரான் அடுப்புக்கு உன் வீட்டு மாவைப் பிசையாதே.

2. அளந்து போடு. 500 கிராம் மைதா, 310 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, கால் தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட். தண்ணீரையும் தராசில்தான் வை. மாவு கையில் ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மைதா தூவாதே. கால் மணி நேரம் மூடி வைத்துவிட்டுத் திரும்பப் பிசைந்தால் தானாகவே பிடிப்பு வந்துவிடும்.

3. காத்திரு. நான் சொல்ல வந்ததே இதுதான். என் மகனுடைய பிறந்தநாள் ஒன்றில் ஏழெட்டுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மாவு சீக்கிரம் உப்பட்டும் என்று கொதிக்கக் கொதிக்க இருந்த தண்ணீரை ஊற்றிப் பிசைந்தேன். ஈஸ்ட் ஓர் உயிர். 60 டிகிரி சூட்டில் அது செத்துவிடும். மாவு அசையவே இல்லை. அன்று பிள்ளைகளுக்கு உப்புமா கிளறிக் கொடுத்தேன். அந்தப் பையனின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பிறகுதான் மாவை ஃபிரிட்ஜில் வைக்கக் கற்றுக்கொண்டேன். நான்கு உருண்டையாக்கி, எண்ணெய் தடவிய டப்பாக்களில் மூடி, ஒரு நாளோ இரண்டு நாளோ விட்டுவிடு. குளிரில் ஈஸ்ட் மெல்ல வேலை செய்யும். அதற்குள் மாவில் இருக்கும் நொதிகள் ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக உடைத்துவிடும். ருசியும் நிறமும் அங்கிருந்துதான் வருகின்றன. இரண்டாம் நாள் டப்பாவைத் திறந்து பார். மேலே சின்னச் சின்னக் குமிழி, ஓரத்தில் வலை பின்னியது போல ஓட்டைகள், இட்லி மாவு புளிக்கத் தொடங்கும்போது வருமே அதற்குப் பக்கத்தில் ஒரு வாசனை. சுடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் வெளியே எடு. கோடையானால் ஒரு மணி நேரம் போதும். விரலால் அழுத்தினால் குழி மெதுவாக மேலெழ வேண்டும். சட்டென்று எழுந்தால் இன்னும் கொஞ்ச நேரம் கொடு.

4. பூரிக்கட்டையை எடுக்காதே. இரண்டு நாளாகச் சேர்ந்த காற்றை அது இரண்டு விநாடியில் விரட்டிவிடும். நடுவிலிருந்து விரல் நுனியால் அழுத்திக்கொண்டே போ. ஓரத்தில் ஒரு விரல் அகலத்தைத் தொடாமல் விடு.

5. பீட்சாக் கல் வாங்கக் காசைச் செலவழிக்காதே. அம்மாவிடம் பழைய வார்ப்பிரும்புத் தோசைக்கல் இருக்கிறதே, அது போதும். மரப்பிடி, பிளாஸ்டிக் பிடி இருக்கக் கூடாது. நான்ஸ்டிக் கூடவே கூடாது. ஓவனுக்குள் வைத்து, முழுச் சூட்டில் முக்கால் மணி நேரம் காயவிடு. ஓவன் விளக்கு அணைந்ததும் சூடாகிவிட்டது என்று நம்பி நான் எத்தனையோ தடவை அவசரப்பட்டிருக்கிறேன். காற்றுதான் சூடாகியிருக்கும், இரும்பு ஆகியிருக்காது. பலகையில் கொஞ்சம் ரவை தூவி, மாவை அதன்மேல் விரித்து, அங்கேயே எல்லாம் தூவி, கல்லின்மேல் சறுக்கிவிடு. கைக்குத் தடித்த உறை போட்டுக்கொள், கண்ணு. என் மணிக்கட்டில் ஒரு தழும்பு இருக்கிறது, வரும்போது காட்டுகிறேன்.

6. மேலே குறைவாகப் போடு. நிறையப் போடுவதுதான் அன்பு என்று நானும் நினைத்திருந்தேன். தக்காளியும் காளானும் விட்ட தண்ணீரில் நடுப்பகுதி கூழாகிவிடும். நாட்டுத் தக்காளியைவிட, சதைப்பற்றுள்ள பெங்களூர்த் தக்காளி இதற்கு நல்லது. விதையை வழித்தெடுத்துவிட்டுத் துருவு, உப்பு போடு, வேக வைக்காதே. ஒன்பது அங்குல பீட்சாவுக்கு மூன்று மேசைக்கரண்டி போதும். காளானை முதலில் வதக்கித் தண்ணீரை வற்றவிடு. மொசரெல்லா 70 கிராம், அதற்கு மேல் வேண்டாம்.

7. ஒரு நோட்டில் எழுதி வை. தேதி, மாவு எத்தனை மணி நேரம் இருந்தது, எத்தனை நிமிஷம் சுட்டாய், எங்கே கருகியது. நன்றாக வந்த நாளைவிடக் கெட்டுப்போன நாளை விவரமாக எழுது. நான் அப்படி எழுதாததால் ஒரே தப்பை மூன்று வருஷம் செய்தேன்.

8. ஆக்கப் பொறுத்த நீ ஆறவும் பொறு. வெளியே எடுத்ததும் கம்பித் தட்டில் இரண்டு நிமிஷம் வை. தட்டையான பாத்திரத்தில் வைத்தால் அடியில் ஆவி தங்கி நமத்துப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நானும் பெரியப்பாவும் வருகிறோம். வெள்ளி இரவே மாவைப் பிசைந்து வை.