கேட்பது யார்?

மும்பையில் தாராவி என்னும் பகுதி உள்ளது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்கே ஒரு சந்து. சந்துக்கு ஒரே ஒரு பொதுக் குழாய். ஒரு நாள் அது உடைந்துவிட்டது. பெண்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தார்கள்.

“மனு எழுதுவோம்” என்றார் ஒரு அக்கா. அவர் எழுத்தறிவு மையத்தில் படித்தவர். அவர் எழுதிய முதல் மனு இது:

“எங்கள் சந்தில் குழாய் உடைந்து கிடக்கின்றன. நான் தண்ணீருக்குத் தவிக்கிறோம். சரிசெய்து தரும்படி நாங்கள் கேட்டுக்கொள்கிறேன்.”

மனுவை இந்தியில் கொடுக்க நினைத்தார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி இந்தியில் எழுத உட்கார்ந்தான். ஆனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

“அக்கா, உடைந்தது ஒரு குழாயா, பல குழாய்களா?”

“ஒன்றுதான் தம்பி.”

“கேட்பது நீங்கள் மட்டுமா, எல்லோருமா?”

“முப்பது வீட்டுக்காரர்களும்தான்.”

“மனுவில் அது தெளிவாக இல்லையே அக்கா.”

அக்காவின் முகம் வாடியது. ஆனாலும் பென்சிலைக் கையில் எடுத்தார்.

தவறு எங்கே?

செயலைச் செய்பவர் எழுவாய். செயலைச் சொல்லி வாக்கியத்தை முடிக்கும் சொல் பயனிலை. “அக்கா எழுதினாள்” என்பதில் “அக்கா” எழுவாய். “எழுதினாள்” பயனிலை. இரண்டும் பொருந்த வேண்டும். இதோ பாருங்கள்:

நான் வந்தேன். நாங்கள் வந்தோம்.
நீ வந்தாய். நீங்கள் வந்தீர்கள்.
அவன் வந்தான். அவள் வந்தாள்.
அவர் வந்தார். அவர்கள் வந்தார்கள்.
அது வந்தது. அவை வந்தன.

சொல்லின் முடிவைக் கவனியுங்கள். “வந்தோம்” என்று மட்டும் சொன்னாலும் வந்தவர்கள் நாங்கள் என்று தெரிந்துவிடும். பெரியவர் ஒருவரே வந்தாலும் “அவர் வந்தார்” என்கிறோம். அது மரியாதை.

பேச்சில் “மாடுகள் வந்தது” என்று சொல்வது உண்டு. எழுத்தில் “மாடுகள் வந்தன” என்றே எழுத வேண்டும்.

மற்ற மொழிகளில் எப்படி?

ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வழக்கம் உண்டு. “நான் போகிறேன்” என்பதை இந்தியில் ஆண் சொன்னால் “ஜாதா ஹூம்” என்பார். பெண் சொன்னால் “ஜாதீ ஹூம்” என்பார். தமிழில் இருவருக்கும் “போகிறேன்” ஒன்றே. மலையாளத்தில் நான், அவன், அவள் எல்லோருக்கும் “வந்நு” என்ற ஒரே சொல் போதும். ஆங்கிலத்தில் “ஐ கோ” என்றால் நான் போகிறேன். “ஹீ கோஸ்” என்றால் அவன் போகிறான். அவன், அவள், அது என ஒருமையில் சொல்லும்போது மட்டும் “கோ” என்பது “கோஸ்” ஆகிறது.

அக்கா திருத்திய மனு

“எங்கள் சந்தில் குழாய் உடைந்து கிடக்கிறது. நாங்கள் தண்ணீருக்குத் தவிக்கிறோம். சரிசெய்து தரும்படி நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.”

தம்பி இப்போது தயங்காமல் இந்தியில் எழுதினான். மனுவின் அடியில் அக்கா முதல் கையெழுத்தைப் போட்டார். பின் முப்பது வீட்டாரும் வரிசையில் நின்றார்கள்.

நீங்களும் மனு எழுதுவீர்கள். எழுதி முடித்ததும் ஒருமுறை படித்துப் பாருங்கள். “கேட்பது யார்? ஒருவரா, பலரா?” என்று உங்களையே கேளுங்கள்.

பயிற்சி: சரியான சொல்லை எழுதுங்கள்.

1. நாங்கள் நேற்று மனு ________. (கொடுத்தேன், கொடுத்தோம்)
2. ஆடுகள் புல் ________. (மேய்ந்தது, மேய்ந்தன)
3. ஆசிரியர் பாடம் ________. (நடத்தினார், நடத்தினேன்)
4. நீங்கள் எப்போது ________? (வந்தாய், வந்தீர்கள்)