சோற்றுக்குப் பின்னால் இருக்கும் கைகள்

“வீட்டில் எல்லோரும் உண்ட பிறகு கடைசியாக உண்பவர் யார்?” என்று இவ்வாண்டு மனையியல் வகுப்பில் ஒரு நாள் கேட்டேன். “அம்மா” என்று வகுப்பே ஒரே குரலில் விடையளித்தது. இரண்டொருவர் மட்டும் “பாட்டி” என்றனர். “சென்ற முறை நீங்கள் ஓட்டலில் உண்டபோது அதைச் சமைத்தவர் யார்?” என்று அடுத்துக் கேட்டேன். வகுப்பு அமைதியாயிற்று. ஒருவருக்கும் தெரியவில்லை.

மாணவியரே! வீட்டில் சமைப்பவரை நாம் அறிவோம்; அவருடைய உழைப்பைக் கணக்கில் கொள்வதில்லை. வெளியில் சமைப்பவருக்குப் பணம் கொடுக்கிறோம். அவரை அறிய முயல்வதில்லை. இரண்டிடத்திலும் சோறு மட்டுமே நம் கண்ணுக்குத் தெரிகிறது. சோற்றையே முதன்மை உணவாகக் கொண்ட மூன்று ஆசிய நாடுகள் இந்த உழைப்பை எவ்வாறு கையாண்டன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஜப்பான்: ஒரு தாயின் சோதனைச்சாலை

சோறு, ஒரு சூப்பு, மூன்று பதார்த்தங்கள் என்பது ஜப்பானியரின் வீட்டு உணவு மரபு. அவர்கள் கஞ்சி வடிப்பதில்லை. நீர் முழுவதும் அரிசியிலேயே வற்றி, குச்சிகளால் எடுத்து உண்ணும்படி சோறு சற்றே ஒட்ட வேண்டும். தீ மிகுந்தால் அடிபிடிக்கும். குறைந்தால் நடுவில் வேகாது. ஆகவே கமாடோ என்னும் விறகடுப்பின் முன் பெண்கள் விடியுமுன் எழுந்து அமர்ந்து, தீயைத் தள்ளியும் இழுத்தும் காவல் காக்க வேண்டியிருந்தது.

1950களில் தோஷிபா நிறுவனம் மின்சாரத்தால் சோறாக்கும் கருவி ஒன்றைச் செய்யும் பணியை மினாமி யோஷிததா என்பவரிடம் ஒப்படைத்தது. அவர் தண்ணீர் சூடாக்கும் கருவிகள் செய்துவந்த ஒரு சிறு பட்டறையின் உரிமையாளர். பட்டறை அவருடையதுதான், ஆனால் சோற்றின் பதம் அறிந்தவர் அவருடைய மனைவி ஃபுமிகோ. அந்த அம்மையார் பிள்ளைகளையும் கவனித்துக்கொண்டு, நாள்தோறும் அரிசியும் நீரும் அளந்து வைத்து, வெப்பத்தையும் நேரத்தையும் குறித்து, வெந்த சோற்றைத் தின்று பார்த்துச் சோதித்தார். குளிரிலும் வெயிலிலும் இச்சோதனை தொடர்ந்தது. நீர் கொதித்த பின் ஏறத்தாழ 20 நிமிடங்கள் கொதிநிலையில் இருந்தால் சோறு நன்றாக வேகும் என்பது தெளிவாயிற்று.

ஆனால் அந்த நேரத்தில் மின்சாரம் தானாகவே நிற்க வேண்டுமே! அதற்கு அவர்கள் கண்ட வழியை உங்கள் அறிவியல் பாடத்தைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். ஒரு பாத்திரத்துக்குள் மற்றொரு பாத்திரத்தை வைத்தனர். உள்பாத்திரத்தில் அரிசியும் நீரும். வெளிப்பாத்திரத்தில் அளந்து ஊற்றிய சிறிது நீர். வெளியிலுள்ள நீர் இருக்கும்வரை அங்கே வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. அது முழுவதும் ஆவியானதும் வெப்பம் சட்டென்று ஏறும். அப்போது ஈருலோகத் தகடு ஒன்று வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். சோறும் அதற்குள் வெந்திருக்கும். 1955 டிசம்பரில் இக்கருவி விற்பனைக்கு வந்தது. ஆசிய வீடுகள் பலவற்றில் இன்று காணும் மின்சாரச் சோற்றுப் பானைகள் அந்த வழியில் வந்தவையே. நிறுவனத்தின் பெயரை உலகம் அறியும். ஃபுமிகோவின் பெயரை அறிந்தோர் சிலரே.

கருவி வந்ததும் பெண்களுக்கு விடியற்காலை உறக்கம் மீண்டது. ஆனால் சமையல் யாருடைய வேலை என்ற கேள்வி தீரவில்லை. 1973 முதல் ஜப்பானிய உயர்நிலைப் பள்ளிகளில் மனையியல் பெண்களுக்கு மட்டுமே கட்டாயப் பாடமாக இருந்தது. 1994 முதல் ஆண்பிள்ளைகளுக்கும் அது கட்டாயமாயிற்று. ஒரு பொறி கைவேலையைக் குறைக்கலாம். அந்த வேலையைப் பகிர்ந்துகொள்ளும் மனத்தை மனிதர்தாம் பழக்கிக்கொள்ள வேண்டும்.

கொரியா: ஊர் கூடிச் செய்யும் ஊறுகாய்

கொரியாவில் கிம்ச்சி இல்லாத சாப்பாடு இல்லை. நீண்ட வடிவமுள்ள முட்டைக்கோசை உப்பில் ஊறவைத்துக் கழுவி, மிளகாய்ப் பொடி, பூண்டு, இஞ்சி, முள்ளங்கி, உப்பிட்ட இறால் அல்லது மீன் ஆகியவை சேர்ந்த கலவையை இதழ் இதழாகத் தடவிப் புளிக்க வைப்பர். கடுங்குளிரில் காய்கறி விளையாது. ஆதலால் குளிர்காலம் முழுமைக்கும் வேண்டியதை இலையுதிர்காலத்தின் இறுதியிலேயே செய்து, மண்சாடிகளில் நிரப்பி நிலத்தில் புதைத்து வைத்தனர்.

ஒரு பெரிய குடும்பத்துக்கு நூற்றுக்கு மேற்பட்ட முட்டைக்கோசுகளும் தேவைப்பட்டதுண்டு. ஒருத்தியால் இது ஆகுமா? எனவே உறவினரும் அண்டை வீட்டாரும் இன்று உன் வீட்டில், நாளை என் வீட்டில் என்று முறை வைத்துக் கூடிச் செய்தனர். இதற்குக் கிம்ஜாங் என்று பெயர். தென்கொரியாவின் இவ்வழக்கத்தை 2013இலும், வடகொரியாவின் கிம்ச்சி செய்யும் மரபை 2015இலும் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஊறுகாயின் சுவைக்காக மட்டும் இப்பெருமை கிடைக்கவில்லை. பலர் கூடி உழைத்துப் பகிரும் பண்புக்காகவும் கிடைத்தது. இந்நாளில் கடையில் வாங்குவோர் பெருகியுள்ளனர். கொரிய உணவகங்களிலோ சோற்றுடன் கிம்ச்சியைத் தனி விலையின்றி வைப்பது வழக்கம். விலையில்லாமல் வருவதனால் அதற்கு உழைப்பில்லை என்று எண்ணிவிடலாகாது.

சிங்கப்பூர்: தெருவிலிருந்து கூரைக்கு

இனி வெளியில் உண்பதைப் பார்ப்போம். சிங்கப்பூருக்குச் சீனர், மலாய்க்காரர், தமிழர் எனப் பலரும் பிழைப்பு நாடிச் சென்றனர். தனியாக வந்த தொழிலாளிக்குச் சமைத்துக் கொடுக்க வீட்டில் யார் இருந்தார்கள்? தெருவோர வியாபாரிகளே அவர்களுக்குச் சோறிட்டனர். ஆனால் தெருவில் குழாய்த் தண்ணீர் இல்லை. கழிவுநீர் சாக்கடைக்கும் ஆற்றுக்கும் போயிற்று. 1968, 1969ஆம் ஆண்டுகளில் அரசு அவ்வியாபாரிகளைப் பதிவு செய்தது. பின்னர் 1971 முதல் 1986 வரை, தண்ணீரும் கழிவுநீர் வசதியும் உள்ள உணவங்காடி நிலையங்களைக் கட்டி அவர்களை அங்கே குடியேற்றியது. வியாபாரியை விரட்டாமல் அழுக்கை மட்டும் விரட்டிய வழி இது எனலாம்.

இன்று அங்கே நூற்றுக்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா நிலையத்தில் நம்மவரின் பரோட்டா, “பிராட்டா” என்ற பெயரில் குழம்புடன் கிடைக்கும். அருகிலேயே சீனரின் கோழிச் சோறும் மலாய்க்காரரின் நாசி லெமாக்கும் விற்கப்படும். ஒரே மேசையில் மூன்று இனத்தார் அமர்ந்து உண்பர். 2020இல் யுனெஸ்கோ இப்பண்பாட்டையும் தன் பட்டியலில் ஏற்றது.

எனினும் ஒரு கவலை உண்டு. அங்கே சமைப்போரில் பலர் அறுபது வயதை எட்டியவர்கள். விடியுமுன் எழுந்து, அனலில் நின்று, குறைந்த விலைக்கு விற்கும் இத்தொழிலை ஏற்க இளையோர் போதிய அளவில் முன்வருவதில்லை. மலிவாக உண்பது நமக்கு மகிழ்ச்சி. அம்மலிவின் பாரத்தை யாரோ ஒருவர் தோளில் சுமக்கிறார். 2021 முதல், உண்டவர் தம் தட்டைத் தாமே எடுத்துச் சென்று உரிய இடத்தில் வைக்க வேண்டும் என்பதை அங்கே சட்டப்படி நடைமுறைப்படுத்துகின்றனர். தட்டைத் தூக்கும் அந்தச் சில அடிகள் உழைப்பவருக்குச் செய்யும் மரியாதையுமாகும்.

நாம் செய்யக்கூடியது

ஜப்பான் பொறியால் பாரத்தைக் குறைத்தது. கொரியா பலர் கைகளால் பகிர்ந்தது. சிங்கப்பூர் உழைப்பவருக்குக் கூரையும் தண்ணீரும் கொடுத்தது. மூன்றிலும் முதலில் நிகழ்ந்தது ஒன்றே: அந்த உழைப்பை ஒருவர் கண்ணால் கண்டார். காணாத உழைப்பை எவரும் குறைக்க முடியாது.

ஆகவே விடுமுறையில் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். ஒரு நோட்டில் ஏழு நாள்களுக்குக் கோடிட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் பிடித்தவர், காய் நறுக்கியவர், சமைத்தவர், பரிமாறியவர், பாத்திரம் கழுவியவர் யார் என்று ஒவ்வொரு வேளைக்கும் எழுதுங்கள். அண்ணன் தம்பியர் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்றும் எண்ணுங்கள். வெளியில் உண்டால் பரிமாறியவரின் பெயரைக் கேட்டு நன்றி கூறுங்கள். ஏழாம் நாள் அந்த நோட்டைக் குடும்பத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். பெற்றோரும் பொறுமையுடன் கேட்டருள வேண்டுகிறேன்.

அடுத்த ஆண்டு வகுப்பில் அதே கேள்வியை மீண்டும் கேட்பேன். “எங்கள் வீட்டில் கடைசியாக உண்பவர் யாருமில்லை, டீச்சர், எல்லோரும் சேர்ந்துதான் உண்கிறோம்” என்று ஒரு மாணவியாவது சொல்வாளானால், அதைவிட நல்ல மதிப்பெண் இப்பாடத்துக்கு வேண்டியதில்லை.