ஹெட்ஃபோன் ஆம்ப்புக்கு 20,000 ரூபாயா? ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஒரு 10 நிமிஷக் கணக்கு

போனஸ் வர்ற மாசம் நம்மில் பல பேருக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல்ல நல்லதா ஒரு வயர் ஹெட்ஃபோன் வாங்குவோம். ரெண்டு வாரம் சந்தோஷமா இருக்கும். அப்புறம் யாராவது ஒருத்தர், "ஆம்ப் இல்லாம இதக் கேட்டா என்ன பிரயோஜனம்?"னு கொளுத்திப் போடுவார். அன்னைக்கு ராத்திரி கார்ட்டுல 20,000 ரூபாய் பெட்டி ஒண்ணு ஏறி உக்காந்திருக்கும்.

அந்தப் பெட்டி வேணுமா வேண்டாமாங்கறதக் கருத்தா விட வேண்டியதில்ல, கணக்கா போட்டுப் பார்த்துடலாம். ஹெட்ஃபோன் டப்பாவுல இருக்கற ரெண்டு எண்ணும், போன்ல இருக்கற கால்குலேட்டரும் போதும்.

ஒரு விஷயத்த முதல்லயே சொல்லிடறேன். உங்ககிட்ட இருக்கறது புளூடூத் ஹெட்ஃபோன்னா, ஆம்ப்பும் டேக்கும் அதுக்குள்ளயே இருக்கு. (டேக்னா டிஜிட்டல் ஃபைலை மின் சிக்னலா மாத்துற பகுதி.) நீங்க வெளியில எதையும் வாங்க வேண்டியதில்ல. இந்தக் கட்டுரை வயர் வச்ச ஹெட்ஃபோனை லேப்டாப்புல செருகிக் கேக்கறவங்களுக்கு.

ரெண்டு எண்ணு: ஓம், டெசிபல்

ஓம்ங்கறது ஹெட்ஃபோனோட மின்தடை. டெசிபல்ங்கறது 1 மில்லிவாட் கொடுத்தா அது எவ்வளவு சத்தம் போடும்ங்கற அளவு. "300 ஓம்னா கண்டிப்பா ஆம்ப் வேணும்"னு சொல்றவங்க பாதிக் கணக்குதான் போடறாங்க. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாதான் விடை வரும்.

எவ்வளவு சத்தம் வரைக்கும் தேவை? பாட்டுல திடீர்னு மிருதங்க அடியோ டிரம்ஸோ வர்ற உச்சத்துக்கு 110 டெசிபல்னு வச்சுக்குவோம். இதுவே ரொம்பத் தாராளம். சராசரியா நாம கேக்கறது 75, 80-க்குள்ளதான் இருக்கும், இருக்கணும்.

இப்ப கணக்கு. 110-ல இருந்து உங்க ஹெட்ஃபோனோட டெசிபலைக் கழிங்க. வர்றதை 10-ஆல வகுத்து, 10-க்கு அந்த அடுக்கைப் போடுங்க. அதுதான் தேவையான மில்லிவாட். அதை 1,000-ஆல வகுத்து வாட் ஆக்கி, ஓமோட பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தா தேவையான வோல்ட் கிடைக்கும்.

ஆடியோ டெக்னிக்கா எம்50எக்ஸ் எடுத்துக்கங்க. 38 ஓம், 99 டெசிபல். வித்தியாசம் 11. அதாவது சுமார் 12.6 மில்லிவாட், கிட்டத்தட்ட 0.7 வோல்ட். ஸ்டுடியோவுல எல்லாம் பார்த்திருப்பீங்களே, சோனி எம்.டி.ஆர். 7506, அது 63 ஓம், 106 டெசிபல். அதுக்கு வேண்டியது 0.4 வோல்ட்தான். இந்த ரெண்டுக்கும் ஆப்பிளோட அந்தச் சின்ன டைப்-சி வால் ஒண்ணே போதும். ஐரோப்பாவுல விக்கிற வகையைத் தவிர மத்தது 1 வோல்ட் வரைக்கும் தரும். சில ஆண்ட்ராய்டு போன்ல மட்டும் அதோட வால்யூம் முழுசா ஏறாது, லேப்டாப்புல அந்தத் தொல்லை இல்ல.

அடுத்தது பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ, 250 ஓம் வகை, 96 டெசிபல். வித்தியாசம் 14. 25 மில்லிவாட்தான் கேக்குது, ஆனா மின்தடை அதிகம்ங்கறதால 2.5 வோல்ட் வேணும். இங்க சாதா வால் திணறும். சராசரி சத்தத்துல பாட்டு கேக்கும், உச்சத்துல இடம் பத்தாது. இதுக்கு ஆம்ப் வாங்கறதுல நியாயம் இருக்கு. ஆனா உங்ககிட்ட 2021-ல வந்த 14 இன்ச், 16 இன்ச் மேக்புக் ப்ரோவோ அதுக்கப்புறம் வந்ததோ இருந்தா கொஞ்சம் நில்லுங்க. 150 ஓமுக்கு மேல உள்ள ஹெட்ஃபோனைச் செருகினா அதுவா 3 வோல்ட் வரைக்கும் கொடுக்கும்னு ஆப்பிளே சொல்லுது. வேலை முடிஞ்சுது.

ஆம்ப் இல்லாம உண்மையிலேயே முடியாத ஹெட்ஃபோன் எப்படி இருக்கும்? ஹைஃபைமேன் எச்இ-6 பாருங்க. 50 ஓம்தான், ஆனா 83.5 டெசிபல். கணக்கு போட்டா 450 மில்லிவாட் கிட்ட வருது, 4.7 வோல்ட். ஓமை மட்டும் பார்த்தவங்க இதை "ஈஸி ஹெட்ஃபோன்"னு நினைச்சிருப்பாங்க.

ஒரு பொறி இருக்கு, கவனிங்க. எல்லா கம்பெனியும் 1 மில்லிவாட்டுக்கு டெசிபல் போடறதில்ல. சிலர் 1 வோல்ட்டுக்குப் போடுவாங்க, எண் பெருசாத் தெரியும். சென்ஹைசர் எச்டி 560எஸ் 120 ஓம், 110 டெசிபல்னு இருக்கும். அது 1 வோல்ட்டுக்கு. மில்லிவாட்டுக்கு மாத்தினா 101 கிட்டதான். மேல சொன்ன டிடி 990-ஐ விட 14 டெசிபல் ஒசத்தி மாதிரி தெரியும், உண்மையில 5 டெசிபல்தான். ஆனா இதுல ஒரு வசதி, பெருக்கல் வகுத்தல் எதுவும் வேண்டாம்: 1 வோல்ட் கொடுத்தா 110 வரும்னு டப்பாவே சொல்லிடுச்சு.

2,000 மில்லிவாட் விளம்பரம்

ஆம்ப் விக்கறவங்க பெருசா அச்சடிக்கிற எண் இதுதான். மியூச்சுவல் ஃபண்டுல போன வருஷ ரிட்டர்ன் போடற மாதிரி. 1,000 மில்லிவாட் ஆம்ப்புக்கும் 2,000 மில்லிவாட் ஆம்ப்புக்கும் விலை வித்தியாசம் பல ஆயிரம் இருக்கலாம். சத்தத்துல வித்தியாசம் 3 டெசிபல்தான். காதுக்கு "ரெண்டு மடங்கு சத்தம்"னு தோணணும்னா 10 டெசிபல் கூடணும், அதுக்கு 10 மடங்கு பவர் வேணும். எம்50எக்ஸுக்கு 12.6 மில்லிவாட்டே தாராளம்னு பார்த்தோம், அங்க 2,000 மில்லிவாட் எதுக்கு?

இதுல காசை விடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல வேலையிட நலத்தை ஆராயுற நியாஷ் அமைப்போட வரம்பு, 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடறப்பவும் நேரம் பாதியாகும். 94 டெசிபல்னா 1 மணி நேரம். 100 டெசிபல்னா 15 நிமிஷம். நாள் பூரா மீட்டிங்குக்கும் ஹெட்ஃபோன், ராத்திரி பாட்டுக்கும் ஹெட்ஃபோன்னு இருக்கறவங்க இந்தக் கணக்கை மனசுல வச்சுக்கங்க. பவர் கூடின ஆம்ப்பை வச்சிருக்கறவருக்கு வால்யூம் குமிழ் எங்க நிக்கணும்னு சொல்ல யாரும் பக்கத்துல இருக்க மாட்டாங்க. போன காது கேள்வி திரும்ப வராது, அதுக்கு எந்த இன்ஷூரன்ஸும் கிடையாது.

கொஞ்சம் கூடுதல் பவர் உண்மையிலேயே உதவுற இடமும் ஒண்ணு உண்டு: ஈக்வலைசர். விண்டோஸ்ல ஈக்வலைசர் ஏ.பி.ஓ. இலவசம். ஆட்டோ ஈ.க்யூ.ங்கற இலவசத் தொகுப்புல ஏகப்பட்ட ஹெட்ஃபோன் மாடலுக்கு ரெடிமேடா செட்டிங் இருக்கு. அதைப் போடறப்ப சத்தம் உடையாம இருக்க மொத்த வால்யூமை 6 டெசிபல் மாதிரி குறைக்கச் சொல்லும். அந்தக் குறையை ஈடுகட்ட ரெண்டு மடங்கு வோல்ட் வேணும். என் கருத்து இதுதான்: ஆம்ப் மாத்தி வர்ற வித்தியாசத்தை விட இந்த இலவச ஈக்வலைசர்ல வர்ற வித்தியாசம் பல மடங்கு பெருசு. இன்னைக்கு ராத்திரியே போட்டுப் பாருங்க. பாதிப் பேருக்கு ஆம்ப் ஆசை அங்கயே அடங்கிடும்.

பேர் சொல்லாத அந்த இன்ஜினியர்

2011-ல நார்த்வெஸ்ட் ஏவி கைங்கற புனைபெயர்ல ஒரு இன்ஜினியர் எழுதிட்டு இருந்தார். விலை உயர்ந்த ஆம்ப்புகளைக் கருவி வச்சு அளந்து, ரிசல்ட்டை அப்படியே போடுவார். சும்மா குறை சொல்றார்னு பேச்சு வந்தப்ப, ஆப்ஜெக்டிவ் 2-ன்னு ஒரு ஆம்ப்பைத் தானே வடிவமைச்சு, அதோட முழு வரைபடத்தையும் இலவசமா வெளியிட்டுட்டார். கடையில சாதாரணமாக் கிடைக்கிற சிப்புகள்தான் உள்ள. பல கம்பெனிங்க அதைச் செஞ்சு வித்தாங்க. 2012-ல அவர் எழுதறதை நிறுத்திட்டார், யார்னு இன்னைக்கு வரைக்கும் உலகத்துக்குத் தெரியாது. அதே வருஷம் ஷிட் ஆடியோ தன்னோட மேக்னி ஆம்ப்பை 99 டாலருக்குக் கொண்டு வந்துச்சு. 2018-ல ஜே.டி.எஸ். லேப்ஸ் ஆட்டம் ஆம்ப்பும் அதே 99 டாலர்தான்.

இந்தக் கதையை எதுக்குச் சொல்றேன்னா, காதுக்குக் கேக்கற அளவு சத்தச் சிதைவு இல்லாத ஆம்ப் செய்யறது 10 வருஷத்துக்கு முன்னாடியே தீர்ந்து போன கணக்கு. 0.0003% சிதைவுக்கும் 0.0001% சிதைவுக்கும் காசு கொடுக்கலாம், காது கொடுத்துக் கேக்க முடியாது. அந்த அடிப்படை விலைக்கு மேல நீங்க கொடுக்கறது வசதிக்கும் அழகுக்கும். ரிமோட், ஸ்கிரீன், கூடுதல் ஜாக், கனமான அலுமினியப் பெட்டி. அதுவும் தப்பில்ல, எதுக்குக் கொடுக்கறோம்னு தெரிஞ்சு கொடுங்க. பேலன்ஸ்டு ஜாக் பத்தியும் நிறைய பேர் கேக்கறீங்க. அதுல வோல்ட் கூட வரும், அவ்வளவுதான். அதுக்குன்னு தனி கேபிள் வாங்கறது இன்னொரு செலவு.

அப்ப எதைப் பார்த்து வாங்கறது? தேவையான வோல்ட்டை விட ஒரு மடங்கு கூட தர்றதா, டேக்கும் ஆம்ப்பும் ஒரே பெட்டியில இருக்கறதா எடுங்க. அவுட்புட் மின்தடை 2 ஓமுக்குக் கீழ இருந்தா எந்த ஹெட்ஃபோனுக்கும் கவலை இல்ல. ஹெட்ஃபோன் மின்தடையில எட்டுல ஒரு பங்குக்கு மேல போகக் கூடாதுங்கறதுதான் பொதுவான விதி. பழைய ஸ்டீரியோ ரிசீவரோட ஹெட்ஃபோன் ஜாக்ல இது 100 ஓமுக்கு மேலயே இருக்கறதுண்டு. அதுல 32 ஓம் ஹெட்ஃபோனைச் செருகினா சில மாடல்ல பேஸ் வீங்கிக் கேக்கும். கெயின் ஸ்விட்ச் இருக்கணும், அதை லோ-லயே வச்சுக்கங்க. விலை குறைஞ்ச வால்யூம் குமிழ்ல ஆரம்பத்துல ஒரு காது சத்தமாவும் ஒரு காது மெதுவாவும் கேக்கும். ஹை கெயின்ல வச்சா அந்த ஆரம்பத்துலயே மாட்டிக்குவீங்க.

ஆபீஸ் லேப்டாப்புல யூ.எஸ்.பி.யைப் பூட்டி வச்சிருந்தா, வாங்கறதுக்கு முன்னாடி நண்பரோட டேக் ஒண்ணை அதுல செருகிப் பாத்துடுங்க.

காசு எங்க இருந்து வருது?

கையில வர்ற சம்பளம் 40,000-ன்னு வச்சுக்குவோம். மாசம் 22 நாள், நாளுக்கு 8 மணி நேரம், ஒரு மணிக்கு 227 ரூபாய். 24,000 ரூபாய் ஆம்ப்னா 106 மணி நேர உழைப்பு, அதாவது 13 வேலை நாள். அதே ஆம்ப்பை வருஷம் 300 நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம், 5 வருஷம் கேட்டா, மணிக்கு 10 ரூபாய் 70 காசு. சினிமா டிக்கெட்டை விட மலிவு. ரெண்டு கணக்கும் உண்மைதான். தினமும் கேக்கற ஆளா, ஞாயித்துக்கிழமை மட்டும் கேக்கற ஆளாங்கறதுதான் எது உங்களுக்குன்னு சொல்லும். "இந்த 24,000-ஐ எஸ்.ஐ.பி.ல போட்டா 20 வருஷத்துல இவ்வளவு"ன்னு நான் சொல்ல மாட்டேன். அந்தக் கணக்கை எல்லாத்துக்கும் போட்டா டீ கூட குடிக்க முடியாது.

ஆனா கிரெடிட் கார்டுல பழைய பாக்கி உருண்டுட்டு இருந்தா, கார்ட்டைக் காலி பண்ணுங்க. மாசம் 3%-க்கு மேல வட்டி கட்டிக்கிட்டு ஆம்ப் வாங்கறது எந்தக் கணக்குலயும் சேராது.

"நோ காஸ்ட் இ.எம்.ஐ." எடுக்கலாமேன்னா, 2013-லயே ரிசர்வ் வங்கி பூஜ்ஜிய வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு சுற்றறிக்கையில எழுதிடுச்சு. வட்டியைத் தள்ளுபடியா முன்னாடியே கழிச்சுக் காட்டறாங்க, வட்டி உள்ளேயே இருக்கு. 24,000-ஐ 4,000 வீதம் 6 மாசம், 15% வட்டின்னு வச்சா, உள்ள இருக்கற வட்டி ஏறக்குறைய 1,016 ரூபாய். அதுக்கு 18% ஜி.எஸ்.டி. 183 ரூபாய் உங்க தலையில. பிராசஸிங் கட்டணம் 199-ம் அதுக்கு வரியும்னு வச்சா 235. ஆக 418 ரூபாய், "காஸ்ட்" இல்லாத இ.எம்.ஐ.க்கு. மொத்தமாக் கட்டறவங்களுக்குத் தர்ற கார்டு தள்ளுபடியும் போச்சுன்னா அதையும் சேர்த்துக்கங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாம். ஹெட்ஃபோன்ல பஞ்சு தேயும், ஆம்ப்புல தேயறதுக்கு அதிகம் இல்ல. நேர்ல போய் வால்யூம் குமிழைத் திருப்பிப் பாருங்க, கரகரன்னு சத்தம் வந்தா விலையைக் குறைச்சுக் கேளுங்க. ஜாக்கை லேசா அசைச்சுப் பாருங்க, ஒரு பக்கம் கட் ஆகக் கூடாது. ஆன் பண்றப்ப "டப்"னு பெருசா அடிச்சா வேண்டாம்னு வந்துடுங்க. பொதுவாவே ஆன் பண்ணிட்டு அப்புறம் ஹெட்ஃபோனைச் செருகறது நல்ல பழக்கம்.

அமெரிக்காவுல இருந்து வர்ற அண்ணன்கிட்ட வாங்கிட்டு வரச் சொல்றவங்க, அடாப்டர்ல எழுதியிருக்கறதைப் படிக்கச் சொல்லுங்க. 100-240 வோல்ட்னு இருந்தா சரி. வெறும் 120 வோல்ட்னு இருந்தா, அது உள்ள டிரான்ஸ்ஃபார்மர் வச்ச வகை. நம்ம ஊர் 230 வோல்ட் பிளக்குல செருகின நொடியே கருகிடும். அதுக்கேத்த 230 வோல்ட் அடாப்டர் தனியாக் கிடைக்குமான்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. வாரண்டிக்கு மறுபடி அமெரிக்காதான் போகணும்ங்கறதும் ஞாபகம் இருக்கட்டும்.

வாங்கியாச்சுன்னா, திருப்பிக் கொடுக்கற நாள் முடியறதுக்குள்ள இதைப் பண்ணுங்க. லேப்டாப் ஜாக்லயும் ஆம்ப்புலயும் ஒரே பாட்டை, ஒரே சத்தத்துல வையுங்க. கொஞ்சம் கூடுதல் சத்தமா இருக்கறது எப்பவும் நல்லாக் கேக்கற மாதிரி தோணும், அதனால இந்தச் சமன் முக்கியம். அப்புறம் வீட்டுல தம்பியையோ தங்கச்சியையோ கூப்பிட்டு, நீங்க கண்ணை மூடிட்டு இருக்கறப்ப மாத்தி மாத்திச் செருகச் சொல்லுங்க. 10 தடவை. எது எதுன்னு 9 தடவையாவது சரியாச் சொல்ல முடிஞ்சா வச்சுக்கங்க. 5, 6 தடவைதான் சரின்னா, பில்லைத் தேடி எடுத்து டப்பாவுக்குள்ள வையுங்க.